கப்பல் ஏறுவதற்கு முன் அரை நாள்!

சவுதாம்ப்டன் துறைமுகப் பட்டணத்தில் ஒரு நடை

மாலை 5 மணிக்குக் கப்பல் புறப்படுகிறது. காலை 10 மணிக்கே நீங்கள் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள். நடுவே உள்ள நேரத்தில் என்ன செய்யலாம்?

பலர் ஒன்றும் செய்வதில்லை. பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, கடியாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். வாசல் திறந்ததும் ஓடிப்போய் ஏறிக்கொள்வார்கள். "எந்த ஊரில் கப்பல் ஏறினீர்கள்?" என்று பிறகு யாராவது கேட்டால் ஊரின் பெயரைச் சொல்வார்கள். அதற்கு மேல் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இருக்காது.

மற்ற ஊர்களில் அப்படி இருந்தால் போகட்டும். சவுதாம்ப்டனில் அப்படி இருக்கக் கூடாது!

இங்கிலாந்து நாட்டின் தென்கரையில் இருக்கிறது இந்தப் பட்டணம். லண்டனில் வாட்டர்லூ நிலையத்தில் ரெயில் ஏறினால் சுமார் 1¼ மணி நேரத்தில் வந்துவிடலாம். பிரிட்டனில் உல்லாசக் கப்பல்கள் மிக அதிகமாக வந்து போகும் துறைமுகம் இதுதான். "குயின் மேரி-2" என்ற ராட்சதக் கப்பல் 2004-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி தன் முதல் பயணத்தை இங்கிருந்துதான் தொடங்கியது. அதன் நீளம் 345 மீட்டர்! 2,600 பேருக்கு மேல் அதில் பயணம் செய்யலாம். கடலில் மிதக்கும் ஓர் ஊர் என்றே சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு வேலை இருக்கிறது. இங்கே கப்பல் ஏறும் நிலையங்கள் ஐந்து உண்டு. உங்கள் கப்பல் எங்கே நிற்கிறது என்று டிக்கெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். "ஓஷன் டெர்மினல்" என்ற நிலையம் என்று வைத்துக்கொள்வோம். நேரே அங்கே போய், வாசலில் நிற்கும் போர்ட்டர்களிடம் பெரிய பெட்டிகளைக் கொடுத்துவிடுங்கள். அவை கப்பலில் உங்கள் அறைக்கே போய்ச் சேர்ந்துவிடும். இனி கை வீசி நடக்கலாம். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் மட்டும் சட்டைப் பையில் இருக்கட்டும். (பெட்டிக்குள் பாஸ்போர்ட்டை வைத்துப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் உண்டு!)

அலை விளையாடும் ஊர்

டெஸ்ட், இட்சன் என்று இரண்டு ஆறுகள். அவை கடலோடு கலக்கும் இடத்தில் ஊர் அமைந்திருக்கிறது. எதிரே வைட் தீவு. கடலின் சீற்றத்தை அந்தத் தீவு தடுத்துவிடுகிறது. ஆகவே துறைமுகத்துக்குள் தண்ணீர் குளம் போல இருக்கும்.

இன்னொரு அதிசயம் உண்டு. கடலில் நீர் ஏறுவதும் இறங்குவதும் எல்லா இடத்திலும் நடப்பதுதான். ஆனால் இங்கே நீர் ஏறி, சிறிது இறங்கி, மீண்டும் ஏறுகிறது. ஒன்றுக்கு இரண்டு முறை! ஆகவே நெடுநேரம் துறைமுகத்தில் ஆழம் குறையாமல் இருக்கும். பெரிய கப்பல்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தீவு குறுக்கே கிடப்பதுதான் காரணம் என்று முன்பு சொன்னார்கள். தீவு காரணம் அல்ல, ஆங்கிலக் கால்வாயின் அமைப்பே காரணம் என்பது பிறகு தெரிந்தது.

"கடலே, நில்!" என்று அலைக்குக் கட்டளையிட்ட கான்யூட் மன்னன் கதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது நடந்த இடம் எங்கள் ஊர்தான் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். வேறு சில ஊர்களும் அப்படிச் சொல்கின்றன. இங்கே துறைமுகத்தை ஒட்டி "கான்யூட் சாலை" என்றே ஒரு சாலை இருக்கிறது. அந்தச் சாலையின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் அங்கே வருவோம்.

நடுத்தெருவில் கோட்டை வாசல்

துறைமுகத்திலிருந்து ஊருக்குள் சுமார் 20 நிமிடம் நடந்தால் "பார்கேட்" வந்துவிடும். பழைய ஊரின் வடக்கு வாசல் இது. கட்டி 800 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இரண்டு சிங்கங்கள் காவல் இருக்கின்றன.

ஒரு காலத்தில் ஊருக்குள் போகிறவர்கள் எல்லாரும் இந்த வளைவுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். பிறகு டிராம் வண்டி வந்தது. அதுவும் இதற்குள்ளேதான் ஓடியது! மாடி வைத்த டிராம் வளைவில் இடிக்குமே, என்ன செய்வது? 1920-களில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வளைவின் வடிவத்துக்குப் பொருந்தும்படி டிராமின் கூரையையே வளைத்துச் செய்துவிட்டார்கள். வாசலை இடிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் 1930-களில் மோட்டார்கள் பெருகியபோது, இரண்டு பக்கத்து மதிலையும் இடித்து வழி விட்டார்கள். அதனால்தான் இன்று வாசல் மட்டும் தனியாக நிற்கிறது.

கதவை அடைத்த வீடுகள்

பார்கேட்டிலிருந்து மேற்கே திரும்பி, மதிலை ஒட்டியே தெற்கு நோக்கி நடந்து வாருங்கள். பழைய மதிலில் ஏறக்குறைய பாதி இன்னும் இருக்கிறது. ஓரிடத்தில் நீங்கள் நிச்சயம் நின்றுவிடுவீர்கள். மதிலில் கதவுகள் இருந்த அடையாளம் தெரியும். ஜன்னல்கள் இருந்த அடையாளமும் தெரியும். எல்லாவற்றையும் கல்லை வைத்து அடைத்திருப்பார்கள். மதில் சுவரில் ஜன்னல் எப்படி வந்தது?

அது மதில் அல்ல. வீடுகள்!

ஆட்டு ரோமத்தைக் கப்பலில் ஏற்றி அனுப்புவதும், பிரான்சு நாட்டுத் திராட்சை மதுவை இறக்குவதும்தான் அந்தக் காலத்தில் இந்த ஊரின் தொழில். வியாபாரிகள் கடலை ஒட்டியே வீடு கட்டினார்கள். வாசலுக்கு எதிரே படகு வந்து நிற்கும். பீப்பாயை உருட்டி நேரே நிலவறைக்குள் விட்டுவிடலாம். ஊரின் மற்றப் பக்கங்களில் மதில் இருந்தது. கடல் பக்கத்தில் சரியான மதில் இல்லை. மதில் கட்டினால் சரக்கு ஏற்றி இறக்குவதற்கு இடைஞ்சல் அல்லவா?

1338-ம் ஆண்டு அக்டோபர் மாதம். ஞாயிற்றுக்கிழமை. ஊர் மக்கள் கோவிலில் இருந்தார்கள். அப்போது பிரெஞ்சுக்காரர்களும் ஜினோவாக்காரர்களும் கப்பல்களில் வந்து இறங்கினார்கள். வெட்டினார்கள், கொள்ளையடித்தார்கள், தீ வைத்தார்கள். அரசருக்குச் சொந்தமான ரோமமும் மதுவும் கூடப் பறிபோயின.

மூன்றாம் எட்வர்டு மன்னருக்குக் கோபம் வந்தது. கடல் பக்கமும் மதில் எழுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார். பல ஆண்டுகள் கழித்து அந்த வேலை நடந்தபோது, வியாபாரிகளின் வீட்டு முகப்புகளே மதிலாகிவிட்டன. கதவை அடைத்தார்கள். ஜன்னலை அடைத்தார்கள். முன்னால் வளைவு வளைவாகக் கல் கட்டடம் எழுப்பினார்கள்.

தாத்தா கட்டிய வீட்டின் தலைவாசலைப் பேரன் கண் முன்னாலேயே கல் வைத்து அடைத்தால் அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? சற்று நின்று பாருங்கள். ஊரில் உள்ள எந்தப் பெரிய கட்டடத்தையும்விட இந்த அடைத்த வாசல்களே என்னைக் கவர்கின்றன.

அந்த வியாபாரிகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிய வேண்டுமா? பக்கத்தில் "பிரெஞ்சுத் தெரு"வில் 1290-ம் ஆண்டு வாக்கில் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. முன்புறம் கடை, பின்புறம் குடியிருப்பு, கீழே மது வைக்கும் நிலவறை. நம் ஊர்க் கடைவீதி வீடு போலத்தான்.

வெண்ணெய் விற்ற காசு

மதிலின் தெற்குக் கோடியில், தண்ணீரைப் பார்த்தபடி ஓர் உயர்ந்த தூண் நிற்கிறது. "மேபிளவர்" கப்பலின் நினைவுச் சின்னம். 1913-ம் ஆண்டில் நாட்டினார்கள்.

தங்கள் மதக் கொள்கைக்காகச் சொந்த நாட்டை விட்டு அமெரிக்காவுக்குப் போன கூட்டத்தார், 1620-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி இங்கிருந்து புறப்பட்டார்கள். "மேபிளவர்", "ஸ்பீடுவெல்" என்று இரண்டு கப்பல்கள். புறப்படும் நேரத்தில் கையில் காசு இல்லை! பணம் போட்ட வியாபாரியோடு தகராறு. கடனைத் தீர்க்காமல் துறைமுகத்தை விட்டுப் போக முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? வழிச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த வெண்ணெயைப் பீப்பாய் பீப்பாயாக விற்றுக் கடனை அடைத்தார்கள்.

அதோடு கஷ்டம் தீரவில்லை. "ஸ்பீடுவெல்" கப்பலில் ஓட்டை. இரண்டு முறை கரைக்குத் திரும்பினார்கள். கடைசியில் பிளிமத் துறைமுகத்தில் அதை விட்டுவிட்டு, "மேபிளவர்" மட்டும் தனியாகப் போனது. பெயர் முழுவதும் பிளிமத்துக்குப் போய்விட்டது. சவுதாம்ப்டன்காரர்களுக்கு அதில் இன்னும் மனத்தாங்கல்தான்!

இங்கிருந்து இந்தியாவுக்கும் கப்பல் போயிருக்கிறது. 1842-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் "இந்துஸ்தான்" என்ற நீராவிக் கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது இந்தத் துறைமுகத்திலிருந்துதான்.

கூரை இல்லாத கோவில்

மணி 1 ஆகியிருக்கும். மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "ஹைஸ்திரீட்" என்னும் பெரிய தெருவுக்கு வாருங்கள். அங்கே ஒரு மாதா கோவில். கோபுரம் இருக்கிறது. சுவர் இருக்கிறது. கூரை இல்லை! இதுதான் ஹோலிரூட் கோவில்.

1940-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு. ஜெர்மன் விமானங்கள் குண்டு மாரி பொழிந்தன. ஊரின் நடுப்பகுதி தீப்பிடித்து எரிந்தது. "ஸ்பிட்பயர்" போர் விமானம் உருவானது இந்த ஊரில் அல்லவா? துறைமுகமும் இங்கே. எதிரிகள் சும்மா விடுவார்களா? 1320-ம் ஆண்டில் எழுந்த கோவில் ஒரே இரவில் பாழாயிற்று. அதை மீண்டும் கட்டவில்லை. வியாபாரக் கப்பல்களில் வேலை செய்து கடலில் உயிர் விட்டவர்களுக்கு நினைவிடமாக 1957-ம் ஆண்டில் ஆக்கினார்கள்.

உள்ளே கோபுரத்துக்கு அடியில் ஒரு நீரூற்று மண்டபம். அதில் கப்பல் படம் செதுக்கியிருக்கும். அதுதான் "டைட்டானிக்". 1915-ம் ஆண்டில், இறந்துபோன சிப்பந்திகளின் குடும்பத்தாரும் நண்பர்களும் பணம் சேர்த்துக் கட்டியது. முதலில் ஊர்ப் பொதுமைதானத்தில் இருந்தது. 1972-ல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள்.

கரி அள்ளியவர்கள்

"டைட்டானிக்" கதை தெரியாதவர்கள் யார்? 1912-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி பகல் 12 மணிக்கு, சவுதாம்ப்டனில் 44-ம் எண் தளத்திலிருந்து புறப்பட்டது. பனிப்பாறையில் மோதி, 15-ந் தேதி அதிகாலையில் மூழ்கியது. 1,500 பேருக்கு மேல் மாண்டார்கள். கோடீசுவரர்கள், வைர நகைகள், கடைசி வரை வாசித்த இசைக்குழு... சினிமாவில் பார்த்திருக்கிறோம்.

இந்த ஊரில் சொல்லும் கதை வேறு.

கப்பலில் சிப்பந்திகள் சுமார் 900 பேர். அவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த ஊரில் குடியிருந்தவர்கள். 29 பாய்லர்களுக்கு இரவும் பகலும் கரி அள்ளிப் போட வேண்டும். ஒரு நாளைக்கு 600 டன்னுக்கு மேல்! கப்பலின் அடிவயிற்றில், அனல் காற்றில், 4 மணி நேரம் வேலை. 8 மணி நேரம் ஓய்வு. மீண்டும் 4 மணி நேரம் வேலை. பயர்மேனுக்கு மாதம் 6 பவுன் சம்பளம்.

அப்படியும் அந்த வேலைக்குப் போட்டி. காரணம், அப்போது இங்கிலாந்து முழுவதும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலை நிறுத்தம். கரி இல்லாமல் கப்பல்கள் முடங்கிக் கிடந்தன. துறைமுகத் தொழிலாளர்களின் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. வீட்டுச் சாமான்களை அடகு வைத்துச் சாப்பிட்டார்கள். மற்றக் கப்பல்களில் இருந்த கரியை எடுத்து "டைட்டானிக்"கில் போட்டார்கள். "புதுக் கப்பலில் ஆள் எடுக்கிறார்கள்" என்றதும் வரிசையில் வந்து நின்றார்கள்.

ஹோலிரூட் கோவிலிலிருந்து கிழக்கே நடந்தால் "ஆக்ஸ்போர்டு தெரு". அங்கே "கிரேப்ஸ்" என்ற மதுக்கடை அந்தக் காலத்திலேயே இருந்தது. ஏப்ரல் 10-ந் தேதி காலையில், பெர்ட்ராம், டாம், ஆல்பிரட் என்ற ஸ்லேடு சகோதரர்கள் மூவர், கப்பலுக்குப் போகும் முன் ஒரு வாய் குடிக்கலாம் என்று சக தொழிலாளர்களோடு அங்கே உட்கார்ந்தார்கள். நேரம் போனது தெரியவில்லை. எழுந்து ஓடினார்கள். துறைமுகத்துக்குள் ஒரு ரெயில் குறுக்கே வந்துகொண்டிருந்தது. கூட வந்த இருவர் ரெயில் வருவதற்குள் பாய்ந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஸ்லேடு சகோதரர்கள், "ரெயில் போகட்டும்" என்று நின்றார்கள். நீளமான ரெயில். அது போய் முடிந்து இவர்கள் கப்பலை அடைந்தபோது ஏணியை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கையை ஆட்டினார்கள், கெஞ்சினார்கள். பயன் இல்லை. வராதவர்களுக்குப் பதிலாக, கரையில் காத்திருந்த வேறு ஆட்களைக் கப்பலில் சேர்த்துக்கொண்டார்கள்.

வேலை போயிற்றே என்று சகோதரர்கள் வீடு திரும்பியிருப்பார்கள். வேலை கிடைத்ததே என்று ஏறியவர்களின் கதியை என்னவென்று சொல்வது?

கான்யூட் சாலையில் காத்திருந்த பெண்கள்

ஆக்ஸ்போர்டு தெருவிலிருந்து தெற்கே வந்தால் கான்யூட் சாலை. "டைட்டானிக்" கப்பலின் சொந்தக்காரர்களான ஒயிட் ஸ்டார் கம்பெனியின் அலுவலகம் இங்கேதான் இருந்தது. அந்தச் சிவப்புக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

செய்தி வந்ததும் ஊர்ப் பெண்கள் இந்த வாசலுக்கு ஓடி வந்தார்கள். "எல்லாரும் பிழைத்துவிட்டார்கள்" என்று முதலில் ஒரு வதந்தி! பிறகு அது பொய் என்று தெரிந்தது. பிழைத்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒரேயடியாக வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வாசலில் பலகை வைத்து எழுதினார்கள். கைக்குழந்தைகளோடு நாள் கணக்கில் நின்ற பெண்கள், ஒவ்வொரு பெயராகப் பார்த்தார்கள்.

இறந்த சிப்பந்திகளில் 549 பேர் சவுதாம்ப்டன்வாசிகள். 500-க்கு மேற்பட்ட வீடுகளில் சாவு. நார்தம் என்ற தொழிலாளர் பகுதியில், அடுத்தடுத்த வீடுகளில் அழுகுரல். பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு அப்பா இல்லை, அண்ணன் இல்லை, சித்தப்பா இல்லை.

பார்கேட்டுக்கு வடமேற்கே "சீசிட்டி" என்ற பொருட்காட்சிசாலை இருக்கிறது. விபத்து நடந்து நூறாண்டு நிறைந்த 2012-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி திறந்தார்கள். காலையில் பார்கேட்டுக்குப் போகும்போதே ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைப் பார்த்துவிடுங்கள். ஒரு மண்டபத்தின் தரையில் ஊரின் பெரிய வரைபடம். யாருடைய வீட்டில் சாவோ, அந்த வீட்டுக்கு ஒரு புள்ளி. சில தெருக்களில் புள்ளிகள் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கும். அதன் மேல் கால் வைத்து நடக்கவே கூசும்.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்து வழக்கப்படி, கப்பல் மூழ்கிய நேரத்தோடு சிப்பந்திகளின் சம்பளக் கணக்கு முடிந்துவிட்டது! பிழைத்தவர்களுக்கும் அதே கணக்குத்தான். பொது மக்கள் இரக்கப்பட்டு நிதி திரட்டினார்கள். விதவைகளுக்கு அதிலிருந்து வாராவாரம் பணம் கொடுத்தார்கள். அதிலும் ஏற்றத்தாழ்வு: அதிகாரியின் மனைவிக்கு ஒரு தொகை, கரி அள்ளியவரின் மனைவிக்கு அதைவிடக் குறைந்த தொகை.

இரண்டு மாதக் குழந்தை

மணி 3. இனித் துறைமுகத்துக்குத் திரும்பலாம். கான்யூட் சாலையிலிருந்து பக்கம்தான்.

வரிசை, சோதனை, படம் எல்லாம் முடிந்து கப்பலுக்குள் நுழைகிறீர்கள். உங்களை வணங்கி வரவேற்பவர், அறையைக் காட்டுபவர், உணவு பரிமாறுபவர் ஆகியவர்களில் இந்தியர்கள் பலர் இருப்பார்கள். தமிழில் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். சில சமயம் தமிழிலேயே பதில் வரும். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து வேலை பார்ப்பவர்கள். ஊரைப் பற்றிக் கேட்டால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

பிறகு மேல்தளத்துக்கு ஏறுங்கள். ஓஷன் டெர்மினலில் கப்பல் நின்றால், நீர்ப்பரப்புக்கு அந்தப் பக்கம் எதிர்க்கரை தெரியும். "டைட்டானிக்" புறப்பட்டது அந்தக் கரையிலிருந்துதான். உங்கள் கப்பல் நிற்பதும் அதே நீரில்தான்.

அந்தக் கப்பலில் மூன்றாம் வகுப்பில் ஒரு குடும்பம் ஏறியது. அப்பா, அம்மா, பையன், இரண்டு மாதப் பெண் குழந்தை. அமெரிக்காவில் புகையிலைக் கடை வைத்துப் பிழைக்கலாம் என்று புறப்பட்டவர்கள். அவர்கள் டிக்கெட் வாங்கியது வேறு கப்பலுக்கு. கரி வேலை நிறுத்தத்தால் அது ஓடவில்லை. ஆகவே "டைட்டானிக்"கில் இடம் கொடுத்தார்கள்!

அப்பா போய்விட்டார். அம்மாவும் இரண்டு குழந்தைகளும் பிழைத்து இங்கிலாந்துக்கே திரும்பினார்கள். அந்தப் பெண் குழந்தைதான் மில்வினா டீன். சவுதாம்ப்டன் பக்கத்திலேயே வாழ்ந்தார். "டைட்டானிக்"கில் பயணம் செய்து பிழைத்தவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர்தான். 2009-ம் ஆண்டு மே 31-ந் தேதி, 97-வது வயதில் காலமானார்.

அதே ஆண்டு அக்டோபர் மாதம் அவருடைய அஸ்தியைப் படகில் எடுத்து வந்தார்கள். "டைட்டானிக்" புறப்பட்ட தளத்தருகே இந்த நீரில் கரைத்தார்கள்.

மணி 5. சங்கு ஊதுகிறது. கயிறுகளை அவிழ்க்கிறார்கள். கப்பல் மெல்ல நகர்ந்து, அந்த நீரைக் கடந்து வெளியே போகிறது.